தேக்கா ஈரச்சந்தை: பிரியாணிக்கு முன்னால் பார்க்க வேண்டியது

[காட்சி: லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாயில், எதிரே தேக்கா நிலையம்]

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருவோரில் பலர், சந்தையும் உணவுக்கடைகளும் ஒன்றாக உள்ள தேக்கா நிலையத்துக்கு நண்பகலில், பிரியாணி சாப்பிடுவதற்காகவே வருகிறார்கள். அதற்குள், அதே தரைத்தளத்தில் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. சந்தையைச் சந்தையாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் வருவது நல்லது. திங்கட்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

[காட்சி: காய்கறிக் கடைகள்]

ஒரு காலத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்த இந்த வட்டாரத்தில், 1915இல் சாலையின் எதிர்ப்புறம் கட்டப்பட்ட பழைய சந்தை, 1982இல் இந்தக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. ஆகவே எந்தக் கடையில் நின்றாலும் "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேளுங்கள். மலேசியாவின் கேமரன் மலையில் விளைந்த கீரைக்குப் பக்கத்திலேயே இந்தியாவிலிருந்து வந்த முருங்கைக்காயும், சற்றுத் தள்ளி இலங்கை நண்டும் இருப்பதன் காரணம், அந்தப் பதிலில் விளங்கிவிடும். கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம் என்பது நமக்குக் கிடைத்த சலுகை.

[காட்சி: மீன் வெட்டும் மேசை]

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் மீன் பகுதிதான். வஞ்சிரத்தைப் 'பாத்தாங்' என்றும் காலாவைக் 'கூராவ்' என்றும் மலாய்ப் பெயரால் கேட்டால் சீனக் கடைக்காரரும் உடனே எடுத்துக் காட்டுவார். குழம்புக்கா, பொரிப்பதற்கா, ஆவியில் வேகவைப்பதற்கா என்று சொல்லிவிட்டால், அதற்கேற்பச் செதில் நீக்கி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவது வழக்கம். பொதுவாக அதற்குத் தனிக் கூலி இல்லை. சமைக்க வசதியில்லாத பயணி மீன் வாங்க முடியாதுதான். எனினும் வழக்கமாக வாங்கும் ஓர் அம்மையார் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒன்றை ஒதுக்கி, இன்னொன்றை எடுப்பதை ஓரமாக நின்று கவனிப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

ஓரமாக நிற்பது முக்கியம். தள்ளுவண்டிகள் வரும் குறுகிய வழியில் நின்று படமெடுப்பது வியாபாரத்தைக் கெடுக்கும். முகத்தைப் படமெடுப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள். தரை அடிக்கடி கழுவப்படுவதால் வழுக்காத காலணி வேண்டும். கடுமையாகப் பேரம் பேசுவது இங்கே எடுபடாது. காய்கறி வாங்கியபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆட்டிறைச்சிக் கடைகளும் பன்றி இறைச்சிக் கடைகளும் தனித்தனிப் பகுதிகளில் உள்ளன.

[காட்சி: உணவங்காடி நிலையம்]

சந்தையை ஒட்டியே உணவங்காடிகள், அதாவது சிறு உணவுக்கடைகள், இருக்கின்றன. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இருக்கையை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேறு மேசையைப் பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே அதற்கான அடுக்கில் திருப்பி வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்கு அடுக்கு தனி.