மலிவு டயரும் நாலு மணி மழையும்

[காட்சி: செந்தூல், மாலை மழை. வைப்பர் முழு வேகத்தில் அடிக்கிறது.]

மத்தியானம் இரண்டு மணிக்குத் தார் கொதித்த சாலை இது. இப்போது நாலு மணி, கணுக்கால் அளவு தண்ணீர். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது வாடிக்கை. ஆனால் விலை குறைந்த டயர் வாங்க வருபவர்கள் கடையில் கேட்பதெல்லாம் வெயிலைப் பற்றித்தான்: "சூட்டுல வெடிச்சிடுமா அண்ணே?"

சரி, வெயிலை முதலில் முடித்துவிடுவோம். பல டயர்களின் பக்கச்சுவரில் 'டெம்பரேச்சர்' என்ற சொல்லோடு ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். கடைசித் தரமான சி கூட மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர் வேகத்தின் சூட்டைத் தாங்கியாக வேண்டும். நம் நெடுஞ்சாலை வரம்பு 110. ஆனால் காற்று குறைந்தால் கதை வேறு. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. விலை உயர்ந்த டயரும் இதற்குத் தப்பாது.

[காட்சி: டயர் பூ, மிக அருகில்.]

மழைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். டயரின் வரிப்பள்ளங்களை மலாயில் 'புங்கா தாயார்' என்பார்கள். நம் காதுக்கு அம்மாவைப் பற்றிய பேச்சு மாதிரிதான் கேட்கும்! அந்தப் பூ தண்ணீரை வெளியே தள்ள, ரப்பர் சாலையைப் பிடிக்கிறது. ஈரத்தில் பிடிப்பு கூடுவதற்காக ரப்பரில் சிலிக்கா கலப்பார்கள். அதற்குச் செலவு அதிகம். மலிவு டயரில் பெரும்பாலும் இங்கேதான் கை வைப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம். நல்ல டயர் போட்ட கார், பிரேக் பிடித்தபின் 40 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்த டயருக்கு 50 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 36 கிலோமீட்டர். குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால்?

அதனால் கடையில் 'டிராக்‌ஷன்' எழுத்தையும் பக்கச்சுவரில் தேடுங்கள். அது ஈரத்தரையில் நேராகப் பிரேக் போட்டுச் சோதித்தது. டபுள் ஏ உச்சம், அடுத்தது ஏ. மலிவு டயரிலும் ஏ கிடைக்கிறது. கடைக்காரர் பெருமையாகக் காட்டும் 'டிரெட்வேர்' எண் வேறு. எண் பெரிதானால் டயர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் பிடிப்பு குறைந்த கெட்டி ரப்பராகவும் இருக்கலாம்.

[காட்சி: கடை வாசலில் அடுக்கிய பழைய டயர்கள்.]

அப்புறம், செகண்ட் ஹேண்ட். பெரிய பிராண்ட், பாதி விலை. பூ நன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ரப்பர் வயதாக ஆகக் கெட்டியாகிவிடும். பூவைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம் செய்தது. அந்த விலைக்குப் புதிய மலிவு டயரே மேல்.

இரண்டு மட்டும்தான் வாங்க முடிகிறதா? பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே, முன்னால்தான் போடவேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்க ஒரு வாய்ப்பு உண்டு. பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.