செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, வரவேற்புரையில் எனக்குப் பொருந்தாத பட்டங்களையெல்லாம் சூட்டிய தமிழாசிரியை அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். இடுப்பு வலி உள்ளவர்கள் நடுவில் எழுந்து நின்றால் கோபிக்க மாட்டேன். அரைமணி நேரத்துக்கு மேல் அவர்கள் ஒரே இடத்தில் உட்காரவே கூடாது.

இன்று நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பான்டிங்கின் பிறந்தநாள். நான் மூன்று செய்தி சொல்ல வந்தேன்: கால்வலி எங்கிருந்து வருகிறது, என்ன வைத்தியம், என்ன சாப்பாடு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், ஒவ்வொன்றாகப் போவோம்.

சர்க்கரைக்காரர் கால் வலிக்கிறது என்றால் ‘சுகர் நரம்பு’ என்று முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. எடுத்து, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு) பிதுங்கியிருக்கிறது என்று பழியை முதுகில் போடுகிறோம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும். நான்கு கேள்வி கேட்டாலே பாதி பிரிந்துவிடும். ஒரே பக்கம், புட்டத்திலிருந்து பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்கி, இருமினால் தும்மினால் கூடுகிறதா? இடுப்பில் நரம்பு அழுந்துகிறது. இரண்டு பாதத்திலும் விரல் நுனியில் தொடங்கி, ராத்திரி எரிச்சலும் மதமதப்புமா? அது சர்க்கரை. நடந்தால் வந்து, உட்கார்ந்தோ முன்னால் குனிந்தோ இருந்தால் விடுகிறதா? முதுகுத்தண்டுக் குழாய் குறுகியிருக்கலாம். சும்மா நின்றாலே விட்டால் காலின் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு பி12 வைட்டமின் குறைந்தும் கால் மரத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரே ஆளுக்கு இதில் இரண்டு சேர்ந்து வருவதும் உண்டு. அங்கேதான் வம்பு.

எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் இருப்பார். பதினைந்து வருஷச் சர்க்கரை; வலது இடுப்பில் பிடித்து, காலுக்கு இறங்குகிறது வலி. வீட்டம்மா மணலை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுக்கிறார். சுகமாக இருக்கிறது. “அப்படியே பாதத்துக்கும் வை” என்கிறார். “சுடுதாங்க?” “ம்ஹூம். இன்னும் கொஞ்சம் காய்ச்சிக் கொண்டா.” மறுபடி வறுக்கிறார். “இப்ப?” “உனக்கு அடுப்பு மூட்டவே தெரியலை.” அந்த அம்மாவுக்கு முடிச்சைப் பிடித்த கை பொரிகிறது, ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வைக்கிறார். ஐயா குறட்டை விடுகிறார். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், பேப்பர் படித்துவிட்டுத் திரும்புகிறார். வாசல் சிமென்ட் தரையில் ஈரத்தடம். யார் தண்ணீர் கொட்டியது என்று சத்தம் போடுகிறார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து வழிந்த நீர் அது! இடுப்பு வலி இரண்டு மாதத்தில் போய்விட்டது. டிஸ்க் வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் தணியும். கால் புண் அடுத்த தீபாவளிக்கும் ஆறவில்லை.

ஒத்தடம் இடுப்புக்கு மட்டும், 15 நிமிஷம், சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்த பிறகு. பாதத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடாதீர்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தூக்கமும் கால் வீக்கமும் வரலாம், திடீரென்று நிறுத்தவும் கூடாது. முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை எகிறும். ஊசிக்கு முன்பே சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் ஏறிக்கிடந்த சர்க்கரையை மூன்றே மாதத்தில் தரைக்கு இறக்கினாலும் நரம்பு எரிச்சல் கடுமையாகக் கிளம்பலாம். இங்கேயும் அடிமேல் அடிதான். படுத்தே கிடக்காதீர்கள், சாப்பிட்டபின் வேளைக்குப் பத்து நிமிஷம் நடந்தால் முதுகுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, மலத்துவாரத்தைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

சாப்பாட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். கொண்டுவரும் பையில் ஒரு நைலான் இழையும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, கட்டைவிரலிலும் விரல்களின் அடிமேட்டிலும், காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்து, இழை வளையும்வரை ஒரு விநாடி அழுத்த வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இரண்டு காலுக்கும் ஐந்து நிமிஷம் போதும். இடுப்பு வலி என்று வருகிற சர்க்கரைக்காரரின் செருப்பையும் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். வட்டார மருத்துவ அலுவலர் மேடையிலேயே இருக்கிறார், குறித்துக்கொள்கிறார், நன்றி ஐயா. போன வருஷமும் கேட்டோம், அடுத்த வருஷமும் கேட்போம். அம்மி நகர்கிறவரைக்கும்.

மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்; இழை கொண்டுவந்திருக்கிறேன், காலைப் பார்த்துச் சொல்கிறேன்.