பத்துக்கு எத்தனை?

(இசை ரசிகர் வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம். புதிதாக வரும் இண்டி ராக் ஆல்பங்களுக்கு, அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராத ராக் குழுக்களின் ஆல்பங்களுக்கு, விமர்சனம் எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். அது எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தால், நான் எழுதியதில் பாதியை எழுதியிருக்கவே மாட்டேன். அதனால் சில ஆல்பங்களின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்றொரு ஊர். அங்கே இருபது வயதை ஒட்டிய நான்கு பையன்கள். குழுவின் பெயர் ஸ்லிண்ட். 1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய் நான்கே நாளில் ‘ஸ்பைடர்லேண்ட்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். மொத்தம் ஆறு பாட்டு, நாற்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ என்ற சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டுக் கம்பெனி, அதை வெளியிட்டது. அதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது! ஊர் ஊராகப் போய் வாசித்து ஆல்பத்தை விற்க ஆள் இல்லை.

அப்போது லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘மெலடி மேக்கர்’ வாரப் பத்திரிகையில் ஸ்டீவ் அல்பினி அதற்கு விமர்சனம் எழுதினார். பிற்பாடு புகழ்பெற்ற ராக் குழுவான நிர்வானாவின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்த அதே அல்பினிதான். பத்து நட்சத்திரம் என்று, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்தார். பத்து வருடத்தில் இது ஒரு மைல்கல் ஆகிவிடும், அப்போது பிரதிக்கு அடித்துக்கொள்வீர்கள், கூட்டம் சேர்வதற்குள் வாங்கிவிடுங்கள் என்பது அவர் வாதம். அப்படியேதான் நடந்தது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததே அல்பினிதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று யாரும் சொல்லிவிடலாம். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. தெரிந்தவர்களின் இசைத்தட்டைத் தெரிந்தவர்கள் கேட்டு எழுதுவதில்தான் இந்த உலகமே ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் காது கொடுத்துக் கேட்டாரா இல்லையா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

நான் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்தை முதலில் கேட்டது பேருந்தில், மலிவான இயர்போனில். ஒன்றும் விளங்கவில்லை. பாடகர் பாடுவதை விடப் பேசுவதும் முணுமுணுப்பதும்தான் அதிகம். அந்தக் குரலையும் கிதாருக்கு அடியில் அமுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன சொல்கிறார் என்று சத்தத்தைக் கூட்டினால், கிதார் திடீரென்று வந்து காதில் அறைகிறது. கை தானாகக் குறைக்கப் போகிறது. இப்படிக் கூட்டியும் குறைத்தும் ஊர் வந்து சேர்ந்தேன். அன்று இரவே எழுதியிருந்தால் ‘ஒலிக்கலவை சரியில்லை’ என்று எழுதியிருப்பேன்.

அப்புறம் மிருதங்கம் பழகிய நண்பர் ஒருவரிடம் வீட்டில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டு வந்ததும் அவர் தொடையில் தட்ட ஆரம்பித்தார். “சரணம் அஞ்சு அஞ்சாப் போகுதுய்யா, கண்டம். பல்லவி ஆறு” என்றார். எனக்கு ஏன் கால் இடறிக்கொண்டே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் அந்தப் பாடகர் தொண்டை கிழியக் கத்துகிறார். பேருந்தில் அது வெறும் கத்தலாகத்தான் கேட்டது. அன்றைக்கு வீட்டில், அவ்வளவு நேரம் முணுமுணுத்த மனிதர் வாய்விட்டு அழுவது போல இருந்தது.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். 1996இல் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கத்தில் தொடங்கிய இணைய இதழ் பிட்ச்ஃபோர்க். இண்டி ஆல்பங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு மார்க் போட்டது. 8.1க்கும் 8.2க்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது? பிளஸ் டூ கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. கால் மார்க்கில் கல்லூரி கைநழுவிப் போவதைப் பார்த்தவர்கள் நாம். நல்ல எண் கிடைத்த குழுவுக்கு அரங்கு நிறைந்தது. கிடைக்காத குழு வேன் வாடகைக்கே திண்டாடியது.

2000 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பம் வந்தது. முன்கூட்டி ஒரு பாட்டைக்கூடச் சிங்கிளாக, தனியாக, விடவில்லை. கிதாரை ஓரங்கட்டிவிட்டு மின்னணு ஒலிகளை முன்னே கொண்டுவந்திருந்தார்கள். பிட்ச்ஃபோர்க் 10.0 கொடுத்தது. முன்பு அல்பினியின் அந்த விமர்சனத்தைப் போட்ட அதே ‘மெலடி மேக்கர்’ ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தது. அந்த வருடக் கடைசியில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. (விமர்சனத்தால் அல்ல, அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள்.)

அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேர் கதைதான் எனக்கு உறுத்துவது. 1993இல் முதல் ஆல்பத்திலேயே இண்டி ரசிகர்களின் செல்லமானவர். பத்து வருடம் கழித்து, பெரிய லேபிளில், வானொலிக்குப் பாட்டுச் செய்துகொடுப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பாப் ஆல்பம் போட்டார். பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 0.0. பாட்டு மோசம் என்ற கோபமாக அது எனக்குத் தெரியவில்லை. முடியை வெட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்த அத்தைப் பெண்ணைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கு வருமே, அந்தக் கோபம். ‘இவள் நம்ம ஆளாச்சே, இப்படிப் பண்ணலாமா?’ 2019இல் அந்த விமர்சகர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2021இல் பிட்ச்ஃபோர்க் பழைய மார்க்குகள் சிலவற்றைத் திருத்திப் பார்த்தபோது, அந்த 0.0 ஆனது 6.0. பதினெட்டு வருடம் கழித்து ரீவேல்யுவேஷன்!

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். புது ஆல்பத்தை எழுதுகிறவர் சாட்சி. இந்த வாரம், இந்த இடத்தில், என் காதில் இது விழுந்தது என்று சொல்லலாம். எண்ணைப் போட்ட உடனே அவர் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். முன்பாவது காசு கொடுத்துத் தட்டு வாங்க வேண்டும், வாங்கலாமா என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. இன்று விமர்சனத்தைப் படிக்கும்போதே பாட்டைத் தட்டிக் கேட்டுவிடலாம். வாங்காதே என்று எச்சரிக்க ஆள் தேவையில்லை. இரண்டாவது பாட்டில் அஞ்சு அஞ்சாக எண்ணிப் பார் என்று சொல்ல ஒருவர் தேவை.

இங்கே முன்வரிசைத் தம்பி பேச்சுக்கு முன்னாலேயே கேட்டார், அப்படியானால் ஒரு வருடம் பொறுத்து எழுதலாமா என்று. வேண்டாம். அல்பினி ஒரு வருடம் பொறுத்திருந்தால், கலைந்துபோன குழுவின் தட்டை யார் தேடியிருப்பார்கள்? உடனே எழுதுங்கள். எத்தனை முறை கேட்டீர்கள், எதில் கேட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு, இந்த மாதம் வந்த ஏதாவது ஓர் ஆல்பத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். முதல் வரியில் எங்கே கேட்டீர்கள் என்று இருக்க வேண்டும். மார்க் போட்டிருந்தால் நான் வாசிக்க மாட்டேன். காபி வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.