பொட்டலில் ஊன்றிய கம்பத்தைப் பிடுங்கலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் நகரத்திலிருந்தும் இந்தக் குளிரில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மனத்தைப் புண்படுத்தக்கூடும் என்று கருதப்படும் நாட்டார் வழக்குகள் இக்காலத்திலும் தொடர வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி சிவன் காமனை எரித்த கதையை மாசிதோறும் ஆடும் நமது இலங்கை மலையகத்துக் காமன் கூத்தையே கூண்டில் ஏற்றினார். ஆண்கள் ரதி வேடம் கட்டுவது பெண்களுக்கு இழிவு என்றார். குறவன் குறத்தி வேடம் ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்குகிறது என்றார். தப்பு என்னும் தோற்கருவியை அடிக்கும் வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்றார். இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் இட்டு நிறுத்ததில்தான் அவர் தவறினார்.

ரதி வேடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. என் சின்ன மாமா பல மாசிகள் ரதியாக ஆடியவர். கம்பம் ஊன்றிய நாள் தொடங்கிக் காமன் தகனம் முடியும்வரை மீனும் இறைச்சியும் தொடமாட்டார். நெற்றிக்கண்ணுக்குக் கணவனைப் பறிகொடுத்த ரதி புலம்பும் கட்டத்தில், பகலெல்லாம் கொழுந்தெடுத்துக் களைத்த பெண்கள் தத்தம் இழப்புகளையும் சேர்த்து அழுவதைக் கண்டிருக்கிறேன். பெண்களே ரதியாக ஆடட்டும் என்றால், தாராளமாக ஆடட்டும். முதல் வரிசையில் நான் இருப்பேன்.

குறவன் குறத்தி விடயத்தில் சகோதரியோடு பாதி உடன்படுகிறேன். தமிழ்நாட்டில் அந்த ஆட்டத்துக்கு 2023இல் அரசு தடை விதித்தது. அந்தப் பெயரால் மேடையேறிய ஆபாசத்தைக் கண்டு அச்சமூகத்திலிருந்தே முறையீடு எழுந்தது. நொந்தவர் சொல்லும்போது அந்த வேடத்தைக் களைவதே முறை. ஆனால் கூத்தாடும் அதே பொட்டலில் எங்கள் தோட்டத்துக் கோமாளி, தோட்டத்தை ஆளும் துரையின் நடையையும் கணக்கப்பிள்ளையின் குரலையும் நடித்துக் காட்டுவான்; அதுவும் சிலருக்குச் சுட்டது. பகலில் வாய் திறக்க முடியாதவர்களுக்கு இரவில் கிடைத்த அந்தச் சிரிப்பையும் பறித்துவிட வேண்டுமா?

தப்பு விடயம் கனமானது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஆள் கூட்டவும், சாவு வீட்டிலும், சாமி முன்னும் ஒலித்த கருவி அது. எங்கள் தோட்டத்தில் அதை அடித்த முதியவருக்குச் சிரட்டையில்தான் தேநீர் கொடுத்தார்கள். சிறுவனாக நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்; இதைச் சொல்ல இன்றும் நாக் கூசுகிறது. ஒரு மாசியில் அவருடைய மகன், "இனி நாங்கள் அடிக்க மாட்டோம்" என்று பொட்டலிலேயே சொல்லிவிட்டான். பெரியவர்கள் மிரட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள், அவன் அசையவில்லை. இரண்டு ஆண்டுகள் தப்பில்லாமல் கூத்து நொண்டியது. மூன்றாம் ஆண்டு மேல் லயத்துப் பையன்களும் கீழ் லயத்துப் பையன்களும் அந்த முதியவரை நாற்காலியில் அமர்த்தி, அவரிடமே அடி கற்றார்கள். தேநீர் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் வந்தது. கைவிடப்பட்டது கட்டாயம், தப்பு கைவிடப்படவில்லை.

காமன் எரிந்தானா இல்லையா என்று, எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி பாடுவது தமிழகத்துக் காமன் பண்டிகையில் இருந்த வழக்கம். தன் கதையைப் பற்றியே தர்க்கம் செய்ய இடம் வைத்த வழக்கு இது. சட்டம் போட்டுத்தான் இதைத் திருத்த வேண்டும் என்பதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்த பின்னரும், எந்தக் காகிதத்தையும் கேட்காமல் ஆண்டுதோறும் அவர்களை ஓரிடத்தில் கூட்டிய களங்களில் ஒன்று அந்தப் பொட்டல்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். புண்படுத்துகிறது என்று கூத்தை முன்பே நிறுத்தியிருந்தால், அந்த முதியவரின் மகன் தோட்டம் முழுவதும் கேட்கும்படி "மாட்டோம்" என்று எங்கே நின்று சொல்லியிருப்பான்?