மூன்றாவது தாளை நுழைத்தால் ஏன் வெளிச்சம் வருகிறது? குவாண்டமும் நம் பொதுப்புத்தியும்

வணக்கம். வந்திருக்கும் சந்தேகங்களில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கே நேரம் போதுமா என்று தெரியவில்லை. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “குவாண்டம் இயக்கவியல் பற்றி எத்தனை முறை கேட்டாலும் மனம் ஒப்ப மறுக்கிறது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது என்கிறார்கள். இது தர்க்கத்துக்கே விரோதம் அல்லவா? தர்க்கத்துக்கு ஒவ்வாத ஒன்றை அறிவியல் என்று எப்படி ஏற்பது?”

நியாயமான கேள்வி. இதைக் கேட்கத் தயங்குபவர்கள்தான் அதிகம். ‘எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்வோம். குவாண்டம் இயக்கவியல் என்பது அணு, எலெக்ட்ரான் போன்ற மிகச் சிறியவை எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்லும் கோட்பாடு. ‘ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது’ என்று அந்தக் கோட்பாடு எங்கும் சொல்வதில்லை. அது நாமாகச் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு. கோட்பாட்டில் இருப்பவை எண்கள்தான். எலெக்ட்ரான் இங்கே கிடைப்பதற்கு ஒரு எண், அங்கே கிடைப்பதற்கு ஒரு எண். அந்த எண்களைக் கூட்டவும் பெருக்கவும் சில விதிகள் உண்டு. விதிகளில் எந்த முரண்பாடும் கிடையாது. ஒரு கணக்குக்கு இரண்டு விடை வராது. ஆகவே கறாரான பொருளில் தர்க்கம் உடையவில்லை. உடைவது வேறொன்று. அது தர்க்கம் இல்லை என்பதே நமக்குத் தெரியாத அளவுக்குத் தர்க்கத்தோடு ஒட்டிப்போன ஒரு நம்பிக்கை. அது எது என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் காட்டிவிடுகிறேன்.

என் கையில் இருப்பவை மூன்று போலராய்டு தாள்கள். சாம்பல் நிறத்தில், மெல்லிய பிளாஸ்டிக் போல இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு திசை உண்டு. ஒளி அலை அந்தத் திசையில் அதிர்ந்தால் கடக்கும், குறுக்கே அதிர்ந்தால் தடுக்கப்படும். இப்போது விளக்குக்கு முன்னால் ஒரு தாளை நிமிர்த்திப் பிடிக்கிறேன். வெளிச்சம் கொஞ்சம் மங்குகிறது, அவ்வளவுதான். அதன் மேல் இரண்டாவது தாளைப் படுக்கைவாட்டில் வைக்கிறேன். பார்த்தீர்களா, இருட்டிவிட்டது. நிமிர்ந்த தாளைக் கடந்து வந்த ஒளியில் படுக்கைவாட்டுத் தாள் எதையும் விடுவதில்லை. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

அப்புறம் மூன்றாவது தாள். இதை 45 பாகை சாய்த்து, இரண்டுக்கும் நடுவில் செருகுகிறேன். நடுவில், கவனியுங்கள்.

வெளிச்சம் வருகிறது! முதல் தாளைக் கடந்ததில் ஏறக்குறைய கால் பங்கு வெளியே வந்துவிடுகிறது. தடுப்பு ஒன்றைக் கூட்டினேன், ஒளி அதிகமாயிற்று. இரண்டு சல்லடையில் ஒன்றுமே விழவில்லை, மூன்றாவதாக ஒரு சல்லடையை நடுவில் வைத்ததும் விழ ஆரம்பிக்கிறது என்றால் நம்புவோமா?

ஒளியை அலையாக எடுத்துக்கொண்டால் இதை விளக்கிவிடலாம். சாய்ந்த தாள் அலையின் ஒரு கூறை மட்டும் விட்டு, அதைத் தன் திசைக்குத் திருப்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய அலைக்குப் படுக்கைவாட்டுக் கூறும் உண்டு. எனவே கடைசித் தாளில் பாதி கடக்கிறது. 1800களின் இயற்பியலுக்கு இது போதும். ஆனால் ஒளியை மிக மிக மங்கலாக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒரே ஒரு ஒளித்துகள், மட்டும் போகும்படி செய்தாலும் இதே கால் பங்குதான் வருகிறது. கால் ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. முழுசாகக் கடக்கும், இல்லையென்றால் முழுசாக நிற்கும். அப்படியானால் நான்கில் ஒன்று கடக்கிறது. எந்த ஒன்று? எதை வைத்து முடிவாகிறது?

இங்கேதான் நம் நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. ‘ஒவ்வொரு ஃபோட்டானிலும் ஏதோ ஒரு குறிப்பு இருக்கும். இந்தத் தாளைக் கடப்பேன், அந்தத் தாளில் நிற்பேன் என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கும். நமக்குத்தான் தெரியவில்லை’ என்று மனம் உடனே சொல்கிறது. நானும் மாணவனாக இருந்தபோது வெகுநாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு முன்பே விடை இருக்கிறது, நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் உள்ளே இருப்பது உள்ளேதானே இருக்கிறது? இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. தவழ்கிற வயதில் கற்றுக்கொண்டது.

ஐன்ஸ்டீனும் இந்தப் பக்கம்தான் நின்றார். 1935இல் பொடோல்ஸ்கி, ரோசன் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், குவாண்டம் இயக்கவியல் தவறு என்று அவர் சொல்லவில்லை, முழுமையாகவில்லை என்றார். அதை முப்பது வருடம் பெரும்பாலோர் தத்துவ விவாதம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1964இல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர் ஒரு காரியம் செய்தார். என்னைப் பொறுத்தவரை இருபதாம் நூற்றாண்டின் மிக அழகான வாதம் அதுதான். விடை முன்பே எழுதியிருக்கிறதா இல்லையா என்பதை எண்ணிப் பார்த்தே முடிவுசெய்யலாம் என்று காட்டினார்.

வாதத்தைச் சொல்கிறேன், கூடவே வாருங்கள். கூட்டல் தெரிந்தால் போதும்.

சில ஃபோட்டான்களை ஜோடியாக உண்டாக்க முடியும். ஜோடியில் இரண்டையும் ஒரே கோணத்துத் தாள்களுக்கு அனுப்பினால் இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் நிற்கும். எவ்வளவு தூரத்தில் பிரித்து வைத்தாலும் அப்படியே. இதை குவாண்டம் பின்னல் என்பார்கள். சரி, விடை முன்பே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோணங்கள் எடுப்போம்: முதலாவது 0 பாகை, இரண்டாவது 22.5, மூன்றாவது 45. ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு சீட்டு வைத்திருக்கிறது. சீட்டில் மூன்று கோணத்துக்கும் ‘கடப்பேன்’ அல்லது ‘நிற்பேன்’ என்று இருக்கிறது. ஜோடிக்கு ஒரே சீட்டின் இரண்டு நகல்.

இப்போது முதல் கோணத்தில் ‘கடப்பேன்’, மூன்றாவதில் ‘நிற்பேன்’ என்று எழுதியிருக்கும் சீட்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவற்றில் இரண்டாவது கோணத்துக்கு என்ன எழுதியிருக்கும்? இரண்டில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். ‘நிற்பேன்’ என்றிருந்தால், அந்தச் சீட்டு ‘முதலில் கடக்கும், இரண்டாவதில் நிற்கும்’ என்ற கூட்டத்தில் சேரும். ‘கடப்பேன்’ என்றிருந்தால், ‘இரண்டாவதில் கடக்கும், மூன்றாவதில் நிற்கும்’ என்ற கூட்டத்தில் சேரும். மூன்றாவது வழி கிடையாது. ஆகவே நாம் பொறுக்கி எடுத்தவற்றின் எண்ணிக்கை இந்த இரண்டு கூட்டங்களின் கூட்டுத்தொகையைத் தாண்டவே முடியாது. இதில் இயற்பியல் ஒரு துளிகூட இல்லை. எந்தச் சீட்டுக்கும் பொருந்தும்.

ஒரே ஃபோட்டானை இரண்டு கோணத்தில் சோதிக்க முடியாது, முதல் தாளே அதை மாற்றிவிடும். அதற்குத்தான் ஜோடி. ஒன்றை ஒரு கோணத்தில் கேட்கிறோம், மற்றதை இன்னொரு கோணத்தில் கேட்கிறோம். வரும் எண்களைச் சொல்கிறேன். ஒரு கோணத்தில் கடப்பவை 100 என்றால், 22.5 பாகை தள்ளியிருக்கும் கோணத்தில் அவற்றின் ஜோடிகளில் நிற்பவை ஏறக்குறைய 15. ஆக, முதல் கூட்டம் 15, இரண்டாவது கூட்டம் 15. கூட்டினால் 30. 45 பாகை தள்ளி, முதலுக்கும் மூன்றாவதுக்கும் எண்ணினால்? 30ஐத் தாண்டக் கூடாது. வருவது 50.

இங்கே கொஞ்சம் நிற்போம். 50 எப்படி 30க்குள் அடங்கும்? அடங்காது. நம் கூட்டலில் பிழை இல்லை. அப்படியென்றால் சீட்டு என்று நினைத்தோமே, அது இல்லை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஆய்வகங்களில் செய்தது இதன் கொஞ்சம் மாறிய வடிவம், சாரம் இதேதான். 1972இல் ஜான் கிளவுசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் செய்து பார்த்தார்கள். 1982இல் பிரான்சில் அலன் அஸ்பே, ஃபோட்டான்கள் வழியில் இருக்கும்போதே கோணத்தேர்வை மாற்றிச் செய்தார். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களைக் கொண்டு, அதுவரை விமர்சகர்கள் சுட்டிக்காட்டிய முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்தார்கள். விடை மாறவில்லை. கிளவுசர், அஸ்பே, ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

கவனமாகச் சொல்ல வேண்டிய ஓர் இடம் இது. பெல் மறுத்தது இரண்டு நம்பிக்கைகளின் கூட்டை. ஒன்று, கேட்பதற்கு முன்பே விடை இருக்கிறது என்பது. மற்றது, இங்கே நான் எந்தக் கோணத்தில் கேட்கிறேன் என்பது அங்கே தொலைவில் வரும் விடையை உடனே பாதிக்காது என்பது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. 1952இல் டேவிட் போம் முன்வைத்த விளக்கத்தில் துகளுக்கு எப்போதும் ஒரு திட்டமான இடம் உண்டு, ஆனால் அதற்கு விலையாகத் தொலைவிலிருந்து உடனடிப் பாதிப்பை ஏற்க வேண்டும். பெரும்பாலான இயற்பியலாளர்கள் முதல் நம்பிக்கையைத்தான் கைவிடுகிறார்கள். எதை விட்டாலும் மனம் வலிக்கிறது. நேயரின் மனம் ஒப்பவில்லை என்றால் அது சரியான இடத்தில்தான் முரண்டு பிடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். ‘பார்த்தால் மாறுகிறது’ என்பதைப் பிடித்துக்கொண்டு, மனித மனம்தான் உலகத்தை உண்டாக்குகிறது, நினைத்தால் நடக்கும் என்றெல்லாம் குவாண்டம் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். அளவிடுதல் என்பதற்கு ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு காற்று மூலக்கூறு மோதினாலே போதும். நம்பி ஏமாறாதீர்கள்.

சரி, அந்த மூலக்கூறுக்கு வருவோம். அன்றாட வாழ்க்கையில் ஏன் இது எதுவும் கண்ணில் படுவதில்லை? ஓடும் எந்தப் பொருளுக்கும் ஓர் அலைநீளம் உண்டு என்று 1924இல் லூயி டி பிராய் சொன்னார். பிளாங்க் மாறிலி என்ற மிக மிகச் சிறிய நிலையான எண்ணைப் பொருளின் உந்தத்தால், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவதால், வகுத்தால் கிடைக்கும். 150 கிராம் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போனால் அதன் அலைநீளம் எவ்வளவு? தசமப் புள்ளிக்குப் பின்னால் 33 பூச்சியம் போட்டு அதற்கப்புறம் 15 என்று எழுதுங்கள், அத்தனை மீட்டர். அணுக்கருவோடு ஒப்பிட்டாலும் அது ஒன்றுமே இல்லை. எலெக்ட்ரானுக்கோ, அணுக்களின் இடைவெளியோடு ஒப்பிடக்கூடிய அலைநீளத்தை எளிதில் தர முடிகிறது. அதனால் அதன் அலைத்தன்மை வெளியே தெரிகிறது.

ஆனால் சிறியது, பெரியது என்பது மட்டும் காரணம் இல்லை. 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறிலேயே அலைகளுக்குரிய குறுக்கீட்டுக் கோலத்தைக் காட்டினார்கள். 2019இல் ஏறத்தாழ 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும் காட்டினார்கள். இதற்கெல்லாம் வெற்றிடம் வேண்டும். காற்றும் ஒளியும் வெப்பமும் எந்நேரமும் ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டே இருந்தால், அது எங்கே இருக்கிறது என்ற செய்தி சுற்றுப்புறம் எங்கும் சிதறிப்போகும். கோலம் அழிந்துவிடும். நாம் பிறந்து வளர்ந்தது அப்படி எல்லாம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கிற உலகத்தில். கேட்பதற்கு முன்பே விடை இருக்கிறது என்ற பாடம் அங்கே கற்றது. அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. நமக்குப் பழக்கமான அந்த உலகம் நிற்பதே இந்தப் பழக்கமில்லாத விதிகளின் மேல்தான். பழைய இயற்பியல் மட்டும் இருந்திருந்தால், கருவைச் சுற்றும் எலெக்ட்ரான் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே போய், ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்தில் கருவில் விழுந்திருக்கும். நாற்காலி கெட்டியாக இருப்பது குவாண்டம் விதிகளால்தான். எலெக்ட்ரானின் காந்தத்தன்மையைக் கணக்கிட்ட மதிப்பும் அளந்த மதிப்பும் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒத்துப்போகின்றன. இதை அறிவியல் என்று எப்படி ஏற்பது என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

புரிந்துவிட்டதா என்றால், ஒரு பகுதி இன்னும் யாருக்கும் முடிவாகவில்லை. கேட்கும்போது ஒரே ஒரு விடை எப்படி உருவாகிறது? 1957இல் ஹியூ எவரெட், எல்லா விடைகளும் நிகழ்கின்றன, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம் என்றார். போம் வழி வேறு. இந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் இருவரான நீல்ஸ் போர், வெர்னர் ஹைசன்பர்க் வழி வேறு. வழக்கமான சோதனைகளில் மூன்றும் ஒரே எண்களைத்தான் தருகின்றன. அதனால் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல வழி இல்லாமல் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

நேயருக்கு ஒரு வேண்டுகோள். போலராய்டு தாள் கிடைத்தால் நீங்களே செய்து பாருங்கள். எல்சிடி கணினித் திரை இருந்தால் இரண்டு தாள் போதும், திரையிலிருந்து வரும் ஒளியே ஒரு திசையில்தான் அதிரும். ஒரு தாளைத் திருப்பித் திருப்பி, திரை இருட்டாகும் நிலையில் நிறுத்துங்கள். இரண்டாவது தாளைச் சாய்த்து, முதலில் அந்தத் தாளுக்கு இந்தப் பக்கம், உங்கள் கண்ணருகே வையுங்கள். இருட்டாகவே இருக்கும். பிறகு அதையே, அதே சாய்வில், திரைக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். தாள் மாறவில்லை, கோணம் மாறவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது. வெளிச்சம் வரும்.