எங்கப்பா வாலண்டியரா இருந்த விதம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 5 உலக தன்னார்வலர் தினம், 1985ல ஐ.நா. பொதுச்சபை அறிவிச்ச நாள், அதை ஒட்டி சேவை பத்தி பேச வாங்கன்னு நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க. எங்கப்பாவ பத்தி பேசுறேன்னு சொன்னேன், அவங்களும் சந்தோஷமா சரின்னுட்டாங்க. அவரு எந்த பதவியிலயும் இருந்ததில்ல. பகல்ல வேலைக்கு போவாரு, மிச்ச நேரத்துல ரத்தத்துக்கு டோனர் ஏற்பாடு பண்றது, பார்வை இல்லாத பசங்களுக்கு பரீட்சை எழுதி குடுக்கறது, முதலுதவி சொல்லி குடுக்கறது, கண் தானத்துக்கு அலையறதுன்னு வாலிப வயசுல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அதே தான்.

நல்ல மனசு இருந்தா போதும்னு நிறைய பேர் சொல்லுவாங்க இல்லையா, அப்பா அத ஒத்துக்கவே மாட்டாரு. மனசு இருக்கிறவன் வேலையையும் ஒழுங்கா கத்துக்கணும், இல்லைன்னா உதவின்னு போய் உபத்திரவம் பண்ணிட்டு வருவோம்பாரு. அவரு கத்துக்கிட்டது என்னன்னு தான் இன்னைக்கு சொல்லப்போறேன்.

ரத்த தானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா வீட்ல ஃபோன் அடிச்சாலே முக்காவாசி அதுக்கு தான். அப்பாகிட்ட ஒரு நீட்டு நோட்டு இருக்கும், டோனர் பேரு, குரூப், ராத்திரியில கூப்பிடலாமா கூடாதா, வண்டி இருக்கா இல்லையா, கடைசியா எப்ப குடுத்தாங்க, எல்லாம் கட்டம் போட்டு எழுதி வச்சிருப்பாரு. அந்த கடைசி தேதி தான் அவருக்கு உசுரு. ரத்தம் குடுத்தா நீர் பாகம் ஒன்னு ரெண்டு நாள்ல ஊறிடும், ஆனா சிவப்பணுவும் இரும்புச்சத்தும் பழையபடி வர வாரக்கணக்கா ஆகும், அதனால தான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல ரெண்டு மாசம் மூணு மாசம்னு ஒவ்வொரு நாட்லயும் இடைவெளி வச்சிருக்காங்க. ஆர்வத்துல ஒரு பையன் நாள் ஆகறதுக்கு முன்னாடியே நான் வர்றேன் சார்னு நிப்பான், அப்பா அவன உக்கார வச்சு பேசி அனுப்பிடுவாரு, உன் உடம்பையும் சேர்த்து தான்டா நான் பாக்கணும்பாரு.

இன்னொன்னு, ஒரே நாள்ல கூட்டமா வந்து குடுக்கறத விட வருஷம் பூரா பிரிச்சு பிரிச்சு வர்றது நல்லதுன்னு அவரு ஓயாம சொல்லிட்டே இருப்பாரு. எங்கயாவது பெரிய விபத்து நடந்தா ஜனங்க ஓடி வருவாங்க, அந்த மனச குறை சொல்லவே முடியாது, ஆனா சிவப்பணுவ ஃப்ரிட்ஜ்ல வச்சா அதிகபட்சம் 42 நாள் தான், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அதுகூட கிடையாது, அறை வெப்பத்துல ஆட்டிக்கிட்டே வச்சாலும் 5ல இருந்து 7 நாளைக்குள்ள உபயோகிச்சாகணும். அப்ப அன்னைக்கு எல்லாரும் குடுத்துட்டா அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு அவங்க யாருமே குடுக்க முடியாது, அந்த சமயத்துல கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கிற குழந்தைக்கு பிளேட்லெட் வேணும்னு ஃபோன் வரும். அதனால அப்பா வர்றவங்கள்ல பாதி பேர்கிட்ட நீங்க அடுத்த மாசம் வாங்கன்னு கைய புடிச்சு சொல்லி தேதி குறிச்சுப்பாரு. சில பேருக்கு முகம் சுருங்கும், இப்பவே செய்யணும்னு வந்தவங்க தானே. ஆனா அந்த தேதிக்கு முந்தின நாள் சரியா ஃபோன் பண்ணுவாரு பாருங்க, அவங்களும் வந்துடுவாங்க.

ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் இருந்தாரு, அப்பாவுக்கு அவர பத்தி பேசுறதுன்னா அவ்வளவு பிடிக்கும். 14 வயசுல நெஞ்சுல பெரிய ஆபரேஷன், பொழச்சு வந்ததும் முகம் தெரியாதவங்க குடுத்த ரத்தத்துல தான் நீ உயிரோட இருக்கன்னு அவரோட அப்பா எடுத்து சொன்னாராம். 18 வயசு ஆனதும் 1954ல குடுக்க ஆரம்பிச்சவரு, 2018ல வயசு வரம்பு வந்து நிறுத்த சொல்ற வரைக்கும் 1173 தடவை குடுத்திருக்காரு, பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர் பாகம் மட்டும், அதனால தான் அவ்வளவு அடிக்கடி குடுக்க முடிஞ்சுச்சு. அவரோட பிளாஸ்மாவுல ஒரு அரிய ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், இருந்துச்சு. அம்மாவுக்கு நெகட்டிவ் குரூப், வயித்துல இருக்கிற பிள்ளைக்கு பாசிட்டிவ்னா, அம்மா உடம்பு பிள்ளையோட ரத்தத்தையே எதிரியா நெனச்சு அழிக்க வாய்ப்பு இருக்கு, அத தடுக்க போடுற ஆன்டி டி ஊசி அந்த மாதிரி பிளாஸ்மாவுல இருந்து தான் தயாராகுது. அவரோட சொந்த மகளுக்கே அந்த ஊசி தேவைப்பட்டுச்சு. ஊசின்னா அவருக்கு பயம், குத்தும்போது ஒரு தடவைகூட திரும்பி பாத்ததில்லன்னு சொல்லுவாங்க. 2025ல தூக்கத்துலயே காலமாயிட்டாரு. அவரோட அப்பா அன்னைக்கு சொன்ன ஒரு விஷயம் பையன்கிட்ட எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க.

சரி, இப்ப பரீட்சை எழுதறது. ஸ்க்ரைப்னு சொல்லுவாங்க, பார்வை இல்லாத மாணவர் பதில் சொல்ல சொல்ல நாம எழுதணும். கேட்டா சுலபமா தெரியும், ஆனா அப்பாவ அதிகமா சோதிச்ச வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன். கேள்விய தெளிவா படிக்கணும், குரல்ல ஏத்த இறக்கம் குடுத்து விடைய காட்டிடக்கூடாது, அவங்க எந்த வார்த்தை சொல்றாங்களோ அதையே எழுதணும். ஒரு தடவை ஒரு பையன் கணக்குல ஒரு ஸ்டெப்ப தப்பா சொல்றான், தப்புன்னு அப்பாவுக்கு நல்லா தெரியுது, கை நடுங்குதுன்னு வந்து சொன்னாரு, ஆனாலும் அப்படியே எழுதிட்டு வந்துட்டாரு. நாங்க வீட்ல சண்டைக்கு போயிட்டோம், ஒரு எண்ண மாத்தி போட்டா என்ன, யாருக்கு தெரியப்போகுது, பாவம் இல்லையான்னு. அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, நான் மாத்தி எழுதியிருந்தா அவன் வாங்கற மார்க்குல எது அவனோடது எது என்னோடதுன்னு அவனுக்கே தெரியாம போயிடும்டா, அப்புறம் ஆயுசுக்கும் யாரோ எழுதி குடுத்து பாஸ் பண்ணவன்னு தான் பேசுவாங்கன்னாரு. அடுத்த வாரத்துல இருந்து பரீட்சைக்கு முன்னாடியே அந்த பையன் வீட்டுக்கு போய் பாடத்த சத்தமா படிச்சு காட்ட ஆரம்பிச்சாரு, கணக்க ஒவ்வொரு வரியா வாயால சொல்லி பழக வச்சாரு. உதவி செய்ய வேண்டிய இடம் அதுன்னு கண்டுபிடிச்சிருக்காரு.

முதலுதவி கிளாஸ்ல அவரு பேச்ச குறைச்சுட்டு செய்ய வச்சுருவாரு. மூச்சு பேச்சு இல்லாம விழுந்தவங்க நெஞ்ச நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, பெரியவங்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழமாவது அமுக்கணும்னு ஒரு வரியில சொல்லிட்டு, பொம்மைய முன்னாடி வச்சு கை வலிக்கிற வரைக்கும் விடமாட்டாரு. மூளைக்கு ரத்தம் போகலைன்னா சில நிமிஷத்துலயே பாதிப்பு ஆரம்பிச்சிடும், அந்த நேரத்துல யோசிச்சு செய்ய முடியாது, கை தன்னால போகணும்.

இப்ப வீட்டுக்கு வரேன். ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு பழமொழி இருக்கு, அப்பாகிட்ட யாராவது பாராட்டா இத சொன்னா உடனே மறுப்பாரு. தானால்லாம் வளராதுங்க, அத வளர்க்க இவங்க அம்மா இருக்காங்க, நானும் இருக்கணும்பாரு. சேவை செய்றவங்க வீடுகள்ல புள்ளைங்க மனசுக்குள்ள ஒரு ஏக்கம் இருக்கும், எல்லாருக்கும் நேரம் இருக்கு எனக்கு தான் இல்லன்னு, இது உண்மை, இத மூடி மறைக்கக்கூடாது. அப்பா அதுக்கும் ஒரு முறை வச்சிருந்தாரு. எந்த புது பொறுப்பு வந்தாலும் அம்மாகிட்ட கேட்டுட்டு தான் சரின்னு சொல்லுவாரு, அம்மா வேண்டாம்னா வேண்டாம் தான். எங்கள்ல யாருக்காவது காய்ச்சல்னா அன்னைக்கு வேற வாலண்டியர அனுப்பிடுவாரு, அதுக்காகவே ரெண்டு மூணு பேர தயார் பண்ணி வச்சிருந்தாரு. எங்களையும் கூட கூட்டிட்டு போவாரு, ஆனா கட்டாயம் கிடையாது, அக்கா சில வருஷம் வரவே மாட்டேன்னா, ஒரு வார்த்தை கேக்கல.

அம்மாவ பத்தி இங்க சொல்லியே ஆகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற ஃபோன எடுத்து, எதிர்ல அழறவங்கள சமாதானப்படுத்தி, எந்த குரூப், எந்த ஆஸ்பத்திரி, எத்தன யூனிட்னு கேட்டு எழுதிட்டு அப்புறம் தான் அப்பாவ எழுப்புவாங்க. அப்பாவுக்கு சால்வை போட்டாங்க, அம்மாவுக்கு யாரும் போடல. எந்த கூட்டத்துலயும் அப்பா முதல்ல அம்மா பேர சொல்லிட்டு தான் மைக்க கையில வாங்குவாரு, இருந்தாலும் எனக்கு அந்த மனக்குறை தீரல. ஒரு தன்னார்வலர கௌரவிக்கும்போது அவங்க இல்லாத நேரத்துல வீட்ட தாங்கினவங்களையும் மேடைக்கு கூப்பிடுங்கன்னு நிகழ்ச்சி நடத்துறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கறேன்.

கண் தானம். சாவு வீட்டுக்கு போய் கேக்கணும், யோசிச்சு பாருங்க. கருவிழிய இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா நல்லது, அதனால அப்புறம் கேக்கலாம்னு விட முடியாது. அப்பா போனதும் பேச மாட்டாரு, முதல்ல ஏதாவது வேலை இருக்கான்னு பாப்பாரு, நாற்காலி எடுத்து போடுவாரு, அப்புறம் அந்த குடும்பத்துல நிதானமா இருக்கிற ஒருத்தர தனியா கூப்பிட்டு மெதுவா ஒரே ஒரு தடவை கேப்பாரு. முடியாதுன்னா கும்பிட்டுட்டு அங்கயே இருப்பாரு, கிளம்பி வந்துட மாட்டாரு. சரின்னா, இமைய மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலைக்கு ஒரு தலகாணி குடுத்து உசத்துங்க, ஃபேன நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டு கண் வங்கிக்கு ஃபோன் போடுவாரு. கண்ணாடி போட்டவங்க, கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணவங்க, வயசானவங்க எல்லாரும் குடுக்கலாம், முகம் கோரமா ஆகாது, இத தெரியாம தான் பாதி பேர் தயங்கறாங்க. 1905ல எட்வர்ட் சிர்ம்ங்கற டாக்டர் முதல் தடவையா கருவிழி மாத்தி வெற்றிகரமா பார்வை கொண்டு வந்தாரு, நூறு வருஷம் தாண்டியும் நமக்கு இந்த தயக்கம் போகலயேன்னு அப்பா வருத்தப்படுவாரு.

அப்பா போனப்ப அந்த ஃபோன நான் பண்ணேன். பஞ்ச நனைச்சது அக்கா, சில வருஷம் வரமாட்டேன்னு இருந்தாளே அவ தான். அம்மா ஃபேன நிறுத்த சொன்னாங்க. யாரும் யாருக்கும் எடுத்து சொல்ல வேண்டி இருக்கல, வந்த டெக்னீஷியனே எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்களேன்னு ஆச்சரியப்பட்டாரு. யாருக்கு போச்சுன்னு சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேக்கல.

நோட்டு என்ன ஆச்சுன்னு நிறைய பேர் விசாரிச்சாங்க. அத அப்பா உடம்பு நல்லா இருக்கும்போதே நாலு சின்ன பசங்ககிட்ட குடுத்துட்டாரு, குரூப் வாரியா பிரிச்சு, யாருக்கு யார் மாத்து ஆளுன்னு சொல்லி வச்சு. அவரு இறந்த அன்னைக்கும் ஒரு பிரசவ கேஸுக்கு ஓ நெகட்டிவ் கேட்டு ஃபோன் வந்திருக்கு, அந்த பசங்க எங்களுக்கு சொல்லாமயே ரெண்டு டோனர அனுப்பி முடிச்சுட்டு தான் எங்க வீட்டுக்கு வந்தாங்க.