திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள்

பேராசிரியப் பெருமக்களே, முனைவர் பட்டத்துக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

தொழில்நுட்ப மாற்றமும் பொருளாதார வளர்ச்சியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு மாலைப்பொழுதில் அடங்கிவிடும் தலைப்பு இல்லை. அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு கருவியோ விதையோ ஊருக்குள் வருகிறது. அதன் பலன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? அதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆய்வாளர் எத்தனை முறை அந்த ஊருக்குப் போக வேண்டும்?

1997 ஜனவரி 14. நமக்குப் பொங்கல். அன்று காலை வடகேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 படகுகள் மத்தி மீனை விற்க வழியில்லாமல் நின்றன. வாங்க ஆளில்லை. பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிலோ ஏறக்குறையப் பத்து ரூபாய். இங்கே மீனுக்கு விலையே இல்லை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பதிவாகியிருக்கும் காட்சி இது.

மீனவர்களுக்கு விவரம் போதவில்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மத்தி சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் மீன். கரையில் அதைச் சேமித்து வைக்க வசதி கிடையாது. விடிந்து சில மணி நேரத்துக்குள் சந்தை முடிந்துவிடும். எரிபொருள் செலவைப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு கரைக்குத்தான் போக முடியும். அடுத்த கரையில் என்ன விலை என்று நடுக்கடலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லோரும் சொந்த ஊர்க் கரைக்கே வந்தார்கள். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது.

பிறகு செல்போன் கோபுரங்கள் வந்தன. கரையோர நகரங்களில் நட்டதால் கடலுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேல்கூட சிக்னல் எட்டியது. மத்திப் படகுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் மீன் பிடிக்கின்றன. வலையை இழுத்து முடித்ததும் படகிலிருந்தே நாலைந்து கரைகளுக்குப் போன் செய்து, நல்ல விலை சொல்பவரை நோக்கிப் படகைத் திருப்பினார்கள். மூன்றில் ஒரு பங்குப் படகுகள் சொந்தக் கரையை விட்டு வேறு கரையில் விற்கத் தொடங்கின. கரைக்குக் கரை விலை வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. வீணாவது ஏறக்குறைய நின்றேபோனது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஆதாயம். பொருளியலில் இப்படி ஒரு முடிவு அடிக்கடி கிடைப்பதில்லை.

இந்த ஆய்வின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. காரணம் அதன் முறை. செல்போன் கோழிக்கோட்டுக்கு 1997இல் வந்தது; கண்ணூருக்கு 1998இல்; காசர்கோட்டுக்கு 2000இல்தான். ஒரே கடல், ஒரே மீன், ஒரே பருவம்; ஒரு மாவட்டத்தில் போன் இருக்கிறது, அடுத்த மாவட்டத்தில் இல்லை. ஜென்சன் 15 கரைகளில் 300 படகுகளை வாரந்தோறும் கணக்கெடுக்கச் செய்தார். ஐந்தாண்டுகளுக்கு நெருக்கமாக இது நடந்தது. மழைக்காலத்தால் விலை மாறியதா, செல்போனால் மாறியதா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடிந்தது அதனால்தான்.

ஆனால் அந்த மூன்று மாவட்டத்து உண்மையை உலகம் என்ன செய்தது? செல்போன் வந்தால் போதும், சந்தை தானாகச் சீராகிவிடும், ஏழை மீனவர் பிழைத்துக்கொள்வார் என்று மாநாட்டுக்கு மாநாடு எடுத்துச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு வருத்தம். ஜானகி ஸ்ரீனிவாசன், ஜெனா பர்ரெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மறுபடியும் கேரளக் கரைக்குப் போய் மீனவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். 2013இல் எழுதினார்கள். விலை கேட்டுக் கரை மாறும் சுதந்திரம் எல்லாப் படகுக்கும் இல்லை. எந்த வகைப் படகு, எந்த வலை, யாரிடம் கடன் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த தரகரிடமே மீனைப் போட்டாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், அடுத்த கரையின் விலையைப் போனில் கேட்டு என்ன செய்வார்? கேட்டு வயிறெரியலாம். ஜென்சன் சொன்னது பொய் என்று ஆகிவிடவில்லை. அது எந்தக் கரைக்கு, எந்தப் படகுக்குச் சொன்னது என்பது தெளிவாயிற்று.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டம். 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே 11 கிராமங்களில் ஆய்வு நடத்தின. பி. எச். ஃபார்மர் தலைமை. இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியும் அதே திட்டத்தில் இருந்தது. அதிக விளைச்சல் தரும் புதிய குட்டை ரக நெல் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை, கிணறும் பம்புசெட்டும் உரம் வாங்கக் காசும் உள்ளவர்களுக்கே பலன் போகிறது என்பதுதான் அன்று தெரிந்த சித்திரம். 1977இல் புத்தகம் வந்தது. அதன் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பத்தாண்டு கழித்து பொருளியலாளர் பீட்டர் ஹேசலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ராமசாமியும் அதே கிராமங்களுக்குப் போனார்கள். சிறு விவசாயிகளும் புதிய ரகத்துக்கு மாறியிருந்தார்கள். நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் வருமானமும் உயர்ந்திருந்தது. விளைச்சல் கூடியதால் கையில் புழங்கிய பணம் கடை, வண்டி, தையல், கட்டட வேலை என்று சுற்றுப்புறம் முழுக்கப் பரவியிருந்தது. முதல் ஆய்வில் ராந்தம் கிராமத்தில் தங்கி வேலை செய்தவர் ஜான் ஹாரிஸ். அவரும் திரும்பிப் போனார். கூலிக்காரர்களின் நிலை முன்னைவிட மேம்பட்டிருப்பதைப் பார்த்தார், எழுதினார். அந்தக் கட்டுரை 1991இல் ஹேசல், ராமசாமி வெளியிட்ட புத்தகத்திலேயே இடம்பெற்றது. ஓர் அறிஞர் தன் பழைய முடிவைத் தானே போய்ச் சோதிப்பதும், மறுதரப்பு அதற்குத் தன் புத்தகத்தில் இடம் கொடுப்பதும் நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியங்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. நெல் விளைய வைத்தது கிணற்று நீர். ஆளுக்கு ஆள் கிணற்றை ஆழப்படுத்தினார்கள், பிறகு ஆழ்துளை போட்டார்கள். பக்கத்து வயல்காரர் பத்தடி ஆழப்படுத்தினால் நாம் இருபதடி போயாக வேண்டும். முடியாதவர் கிணறு வறண்டது. அவர் தண்ணீரை விலைக்கு வாங்கினார், அல்லது நிலத்தைத் தரிசாகப் போட்டார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் பாலாற்றுப் படுகையில் இந்தப் போட்டியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கிணறுகளில் கலந்த கொடுமையையும் சேர்த்தே எழுதினார். 1974இல் பார்த்தவருக்கு ஏற்றத்தாழ்வு தெரிந்தது. 1984இல் பார்த்தவருக்கு வளர்ச்சி தெரிந்தது. அதற்குப் பின் போனவருக்கு வறண்ட கிணறு தெரிந்தது. மூன்றும் மெய். ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் திட்டம் போட்டவர்களால்தான் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதக் களப்பணியில் உங்கள் பட்டம் முடிந்துவிடலாம். அந்தக் கணக்கெடுப்புத் தாள்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தெரு, எந்த வீடு, எவ்வளவு நிலம், எத்தனை அடிக் கிணறு, யாரிடம் கடன் என்பதை அடையாளம் காணும்படி எழுதி, பெயர் விவரங்களைத் தனியே பூட்டிவைத்து, துறை நூலகத்தில் ஒப்படையுங்கள். நெல் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு அறுவடைக்குப் போன பெண்கள் இப்போது என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களில் யாராவது இன்று எழுதிவைத்தால், பத்தாண்டு கழித்து அதே வாசற்படியில் நின்று கேட்க இன்னொருவர் வருவார். பேராசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஏற்கெனவே ஒருவர் ஆராய்ந்த ஊர் என்று சொல்லி ஒரு மாணவரின் தலைப்பை இனித் தள்ளிவிடாதீர்கள்.